கோவை, திருப்பூர், ஈரோடு கணினிக் கடைக்காரர்களுக்கு: ரேமையும் செட் செய்து கொடுங்கள்

கணினி அசெம்பிள் செய்து தரும் கடைக்கார அண்ணன்மார்களுக்கு வணக்கமுங்க.

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் டிசைன் போடும் யூனிட்டுகளிலும் கோவையில் மோல்டு டிராயிங் போடும் ஒர்க்‌ஷாப்புகளிலும் கணினி மக்கர் பண்ணினால் போய்ப் பார்ப்பது என் தொழில். நீங்கள் கட்டிக் கொடுத்த மெஷின்கள்தான் பெரும்பாலும் என் கைக்கு வருகின்றன. ஒயரிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் பயாஸுக்குள்தான், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங்குக்குள்.

பில்லில் ரேம் டிடிஆர்5 6000 என்று இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 4800 என்று காட்டும். டிடிஆர்4 என்றால் 3200க்குக் காசு வாங்கியிருப்பீர்கள், ஓடுவது 2133 அல்லது 2400. ஐந்து எச்.பி. மோட்டார் வாங்கி கேட் வால்வைப் பாதி மூடி வைத்த கதைதான். போர்டு தானாக எடுத்துக்கொள்வது ரேமில் எழுதியுள்ள அடிப்படை வேகத்தை மட்டுமே. பெட்டியில் அச்சிட்ட வேகம் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைலில் இருக்கிறது, அதை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்த பிறகும் கணினி விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் பாதி எண்ணைத்தான் காட்டும். ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை தரவு போவதால் 3200 ரேமுக்கு அங்கே 1600 என்பதே சரி. இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

சில கடைகளில் இதற்கு நேர்மாறு. கேமிங் பில்டு என்று சொல்லி, கே வகை பிராசசரின் மல்டிப்ளையரை (அதன் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்ணை) ஏற்றி, அதே நிமிடத்தில் எக்ஸ்எம்பியையும் ஆன் செய்து, ஒரு பெஞ்ச்மார்க் ஓடியதும் பேக் பண்ணிவிடுகிறீர்கள். ஒரு மாதத்தில் புளூ ஸ்கிரீன் வந்தால் சிபியுவா, ரேமா என்று யார் பிரித்துச் சொல்வது? புரொஃபைலில் இருக்கும் வேகமும் ஒரு வகை ஓவர்கிளாக்தான், அதாவது உறுதி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ரேம் ஸ்டிக் தாங்கினால் போதாது, பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் தாங்க வேண்டும். அதனால் பிராசசரை அப்படியே விட்டு, முதலில் ரேமை மட்டும் ஏற்றுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருள் இலவசம், பென் டிரைவில் போட்டு ராத்திரி ஓடவிட்டால் காலையில் முடிவு தெரியும். ஒரு பிழைகூட வரக்கூடாது. அப்புறம் மல்டிப்ளையரைத் தொடுங்கள்.

ரேம் பிழையை நான் இவ்வளவு பெரிதாகப் பேசக் காரணம், அது எப்போதும் சத்தம் போட்டு வராது. ஒரு பிரிண்டிங் யூனிட்டில் ஜிப் ஃபைலைப் பிரித்தால் சிஆர்சி எரர், அதாவது தரவு சிதைந்திருக்கிறது என்றது. மறுபடி பிரித்தால் வேறு ஃபைலில் எரர். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று புது எஸ்எஸ்டி வாங்கிப் போட்டும் அதே கதை. கேபினட்டைத் திறந்தால் ரைசன் 7000 பிராசசர், நான்கு ஸ்லாட்டிலும் டிடிஆர்5, எக்ஸ்போ 6000. இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக் போட்டால் 3600 என்பதுதான் அந்த பிராசசருக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம். மெம்டெஸ்ட் போட்டதும் திரை சிவப்பு வரிகளால் நிரம்பியது. வேகத்தைக் குறைத்தேன், எரர் நின்றது. ஆனால் அதற்குள் சேவ் செய்த கலர் செப்பரேஷன் ஃபைல்களில் எது நல்லது, எது கெட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆர்டர் கொடுத்த பையருக்கு அதை எப்படிப் புரிய வைப்பது?

64 ஜிபி வேண்டுமா? 32 ஜிபி ஸ்டிக் இரண்டாகக் கொடுங்கள், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் ஸ்லாட்டில்.

பில்லில் வேகத்தோடு சிஎல் எண்ணையும் (கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் சுழற்சிகள்) எழுதுங்கள். 3200 சிஎல்16 என்றால் தாமதம் 10 நானோ செகண்ட். அதே 3200 சிஎல்22 என்றால் 13.75. விலை குறைந்ததன் ரகசியம் பல நேரம் அங்கேதான் இருக்கிறது. 3600 சிஎல்18-உம் அதே 10 நானோ செகண்ட்தான், ஆனால் ரைசன் 5000இல் பிராசசரின் உள் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1800 மெகாஹெர்ட்ஸில் ரேமோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓடுவதால் அங்கே அதற்கு மதிப்பு உண்டு. 4000 என்று பெரிய எண்ணைக் காட்டி விற்காதீர்கள். பெரும்பாலான பிராசசர்களில் ஃபேப்ரிக் அவ்வளவு தூரம் ஏறாது, விகிதம் உடைந்து தாமதம்தான் கூடும். இன்டெலின் எச்610 சிப்செட் போர்டோடு 3600 ரேமைத் தள்ளிவிடுவதைப் பற்றி என்ன சொல்ல? அந்த போர்டில் ரேம் ஓவர்கிளாக்கே கிடையாது.

ஏஎம்5 (ரைசன் 7000 பொருந்தும் சாக்கெட்) போர்டில் எக்ஸ்போவைத் தொடும் முன் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகிய பிறகு மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டியது புது பயாஸில்தான். பழைய ஸ்டாக் போர்டுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

டெஸ்ட்டை கேபினட்டை மூடி வைத்து ஓட்டுங்கள். சூடு ஏற ஏற ரேம் செல்லில் இருக்கும் சார்ஜ் சீக்கிரம் கசியும், விளிம்பில் ஓடும் டைமிங் அப்போதுதான் பல்லைக் காட்டும். உங்கள் கடையின் ஏசியில் பாஸ் ஆனது, சித்திரை வெயிலில் ஈரோட்டில் தகரக் கூரைக்குக் கீழே பாஸ் ஆகும் என்று சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், தெரியுமுங்க. சாயங்காலமே கொடு என்று நிற்கும் கஸ்டமர்களும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். ஒரு ராத்திரி டெஸ்ட்டுக்கு என்று கூலி போடுங்கள், வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. எந்த புரொஃபைல், என்ன வேகம், என்ன வோல்டேஜ், எந்த பயாஸ் என்று பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்படியே டிடிஆர்5 வாங்குகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள்: செட்டிங் மாற்றிய பின் முதல் தடவை ஆன் செய்தால் மெமரி டிரெயினிங் (போர்டு ரேமுக்கு ஏற்ற டைமிங்கைத் தானே பார்த்து அமைப்பது) முடியும் வரை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு ஸ்விட்சை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டாம்.