ஹீலியம் பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

நெல்லைச் சீமைக் கல்லூரிகளில் இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. படித்தவன் நான், இப்போது பள்ளி ஆசிரியர். எங்களுக்கு மீக்கடத்திப் பாடம், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்கள் பற்றிய பாடம், 1911, பாதரசம், 4.2 கெல்வின் என்று தொடங்கி, காந்தப்புலத்தை வெளியே தள்ளும் மெய்ஸ்னர் விளைவோடு முடிந்தது. மிகக் குளிரில் உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்ம ஹீலியத்தை, பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஹீலியம் எதோடும் சேராத அணு என்றுதானே சொல்லித் தருகிறோம்? ஆனால் 2.17 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்த ஹீலியத்துக்குள் ஒரு துகள் பாய்ந்து ஆற்றலைக் கொட்டினால், கிளர்வுற்ற அணு பக்கத்து அணுவைப் பிடித்துக்கொண்டு மூலக்கூறாகிவிடுகிறது. ஒரு வகை, சில நானோ நொடியில் புற ஊதா ஒளியை விட்டுப் பிரிந்துவிடும். இன்னொரு வகை அப்படிப் பிரிவதற்கு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஸ்பின்) விதி குறுக்கே நிற்பதால் அதற்குச் சுமார் 13 நொடி ஆயுள், அதற்குள் அது பாத்திரச் சுவர் வரை போய் மோதிவிடலாம். அங்கே மீக்கடத்தி உணரி காத்திருந்தால் மாட்டிக்கொள்ளும்.

உணரி என்பது மெல்லிய டைட்டானியப் படலம். மீக்கடத்து நிலைக்கும் சாதாரண நிலைக்கும் நடுவே அதை நிறுத்தி வைத்திருப்பார்கள். இம்மி சூடேறினாலும் மின்தடை சட்டென்று ஏறும். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 100 மில்லிகெல்வின் ஹீலியத்துக்குள்ளேயே முக்கி வைத்து, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள்.

சரி, அவ்வளவு குளிர்ந்த திரவத்தில் மூழ்கியிருக்கிற படலம் எப்படிச் சூடேறும்? நானும் இதில்தான் இரண்டு நாள் முட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் குளிரில் திடப்பொருளிலிருந்து ஹீலியத்துக்கு வெப்பம் தாவுவது ரொம்பக் கடினம், கபிட்சா தடை என்று பெயர். அதனால் மூலக்கூறு கொடுத்த வெப்பம் கொஞ்ச நேரம் படலத்திலேயே தங்குகிறது, அந்தக் கொஞ்ச நேரம் அளக்கப் போதும். லேசான கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) துகள்களைத் தேடுவோர் இந்த ஹீலியத்தை நம்புவதற்கு இப்படி அளக்க முடிவதும் ஒரு காரணம்.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. 1908-இல் டச்சு இயற்பியலர் காமர்லிங் ஆன்ஸ் முதன்முதலில் திரவமாக்கிய ஹீலியம் மோனசைட் மணலிலிருந்து எடுத்தது. நம் தென்கடற்கரை மணலிலும் மோனசைட் உண்டு, அதிலுள்ள தோரியம் உமிழும் ஆல்ஃபா துகள்தான் ஹீலியமாகிறது. அப்புறம், மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் 20 கெல்வின் திரவ ஹைட்ரஜனில் ஓடும் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்கள். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

கருவி வாங்கச் சொல்லவில்லை. பருவத்துக்கு மூன்று மணி நேரம், கரும்பலகை, சாக்பீஸ் போதும். ஒரு மூலக்கூறு கொண்டுவரும் சுமார் 15 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் அந்தப் படலத்தை எவ்வளவு சூடாக்கும் என்று மாணவர்களையே கணக்குப் போட விடுங்கள். கூப்பிட்டால் எந்தச் சனிக்கிழமையும் வருகிறேன், கணக்குத் தாள்களை நானே எழுதிக் கொண்டுவருகிறேன்.