வசந்திக்கு, அந்த ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் பிரதியும் சனிக்கிழமை கிடைத்தன. வெள்ளவத்தையில் மூன்று நாளாக விடாத மழை. பெரியவளுக்கு வேலை கிடைத்ததை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கும்பிட்டா.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். "எஸ்சிசி 0.8, நோர்மல். இனிப் பாப் சோதனை தேவையில்லைதானே?" என்று கேட்டிருக்கிறாய். கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுத்துப் பார்க்கும் அந்தப் பாப் சோதனை தேவை, வசந்தி. கட்டாயம் போ.

எஸ்சிசி என்பது தோல், வாய், கருப்பைக் கழுத்து போன்றவற்றின் மேற்பரப்பில் இருக்கும் தட்டையான செதிள் கலங்கள் விடும் ஒரு புரதம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் பெரும்பாலானவை அந்தக் கலங்களில்தான் தொடங்குகின்றன. அதனால்தான் இதை அளக்கிறோம். ஆனால் கலங்கள் மாறத் தொடங்கும் காலத்தில் அந்த மாற்றம் மேல்தோலுக்குள்ளேயே நிற்கும், இரத்தத்துக்கு எதுவும் வந்து சேராது. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி என்ற வைரஸ் கிருமி தொற்றிப் புற்றுநோயாக மாற 15, 20 வருடம்கூட எடுக்கும். சுலபமாகக் குணப்படுத்தக்கூடிய அந்த நீண்ட காலம் முழுக்க உன் 0.8 அப்படியே 0.8 ஆகத்தான் இருக்கும். தொடக்க நிலைப் புற்றுநோயிலும் பலருக்கு இது ஏறுவதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. சொரியாசிஸ், எக்ஸிமா, சிறுநீரகக் கோளாறு எதுவும் இதை ஏற்றிவிடும். எங்கள் ஆய்வுகூடத்தில் இதற்கு முகக்கவசத்தைக் கழற்றவே மாட்டோம். சீரத்தில், அதாவது இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரில், ஒரு துளி எச்சில் பட்டாலே எண் எகிறிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார். நோயில்லாத 100 பேரில் 5 பேருக்கு மட்டும் பிழையாக ஏறுகிறது என்று வை. 10,000 பெண்களைச் சோதித்தால் கிட்டத்தட்ட 500 பேர் வீணாக நித்திரை இழப்பார்கள். இந்தச் சோதனையைப் 'பெண்கள் பக்கேஜ்' என்று உனக்கு விற்றவர்கள் மீது எனக்குக் கோபம்தான்.

இந்தச் சோதனையே வீண் என்று நினைத்துவிடாதே. இந்தப் புற்றுநோய் வந்த அக்காவுக்கு இது பெரிய துணை. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சை தொடங்கும்போது எஸ்சிசி 11.4. அவ ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதி வருகிறா: 4.2, 1.6, 0.9. போன வருடம் திடீரென்று 2.6. அன்று அவ சாப்பிடவில்லை. கையில் எக்ஸிமா கிளம்பியிருந்ததை டாக்டர் கவனித்தார், ஸ்கானும் சுத்தமாக இருந்தது. ஆறு கிழமை கழித்து 1.0. ஒருவரின் எண்ணை அவருடைய பழைய எண்ணோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அதற்கு அர்த்தம் வருகிறது. இப்போது கட்டியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் எச்பிவி டிஎன்ஏ துண்டுகளையும் தேடுகிறார்கள். நோய் திரும்புவதை அது முன்கூட்டியே காட்டக்கூடும் என்பதில் எனக்கு நிறைய நம்பிக்கை. அதுவும் முக்கியமாகச் சிகிச்சைக்குப் பிறகான காவல்தான்.

சின்னவளுக்கு ஆறாம் வகுப்பில் எச்பிவி தடுப்பூசி இரண்டும் போட்டது பெரிய நிம்மதி. இந்தப் புற்றுநோயில் 100க்கு 70 அளவுக்குக் காரணமான எச்பிவி 16, 18 வகைகளை அது தடுக்கும். நமக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் சோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். 35இல் நீ வெட்கப்பட்டுப் போகாமல் விட்டது எனக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை, காசும் இல்லை.

மிட்வைஃப் மிஸ்ஸிடம் எந்தக் கிழமை கிளினிக் என்று கேட்டு எழுது. தனியாகப் போக மனமில்லை என்றால் முதல்நாள் இரவு பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சாந்தி