ஃபிசிக்ஸ் லேப்ல எங்களுக்கும் இடம் ஒதுக்குங்க: சயின்ஸ் ஃபேகல்டிக்கு ஒரு திறந்த மடல்

சயின்ஸ் ஃபேகல்டியில மாட்யூல் (பாடம்) ஒதுக்கீட்டைப் பார்க்கிற ஐயா அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் மாட்யூல் ரிசல்ட் வந்துச்சு. லேப்போட சேர்ந்த முதல் நிலை ஃபிசிக்ஸ் மாட்யூலுக்கு லைஃப் சயின்ஸ்ல இருந்து அப்ளை பண்ணினவங்கள்ல எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருக்குக்கூட கிடைக்கல. அப்பீல் பண்ணினோம். எல்லாருக்கும் ஒரே பதில், பேரை மட்டும் மாத்தி: மேஜர் மாணவர்களுக்கு (அதையே முதன்மைப் பாடமா எடுத்தவங்களுக்கு) முன்னுரிமை, வேறொரு செமஸ்டர்ல முயற்சி பண்ணவும். அந்த மாட்யூல் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. வேறொரு செமஸ்டர்னா அடுத்த வருஷம்னு அர்த்தம், அடுத்த வருஷம் எங்களுக்கு ஃபைனல் இயர், ஹானர்ஸ் ப்ராஜெக்ட் வேற கழுத்தைப் பிடிக்கும்.

அதனால கேட்க வந்ததை முதல்லயே கேட்டுடறேன். ஃபிசிக்ஸ் மாட்யூல்லயும் அதோட லேப்லயும் மத்த மேஜர் பசங்களுக்குன்னு கொஞ்சம் இடத்தை ஒதுக்கி வைங்க. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேபுக்கும் அப்படியே செய்யுங்க.

எங்களுக்கு ஏன் இது வேணும்னு நீங்க ஏற்கனவே கேட்டிருக்கீங்க, அட்வைசரும் கேட்டாங்க. சிங்கப்பூர்ல மூணு மெடிக்கல் ஸ்கூல் இருக்கு, அதுல டிகிரி முடிச்சவங்களுக்குன்னே இருக்கிறது டியூக்-என்யுஎஸ்தான், 2007ல முதல் பேட்ச் சேர்ந்ததுல இருந்து அப்படித்தான். ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தின பரீட்சை) முடிச்ச கையோட மெடிசின் கிடைக்காதவங்களுக்கும், டாக்டர் ஆகணும்னு கொஞ்சம் லேட்டா முடிவு பண்ணினவங்களுக்கும் உள்ளூர்ல இருக்கிற முக்கியமான கதவு அது. வெளிநாட்டுல படிச்சிட்டு வரலாமேன்னு சொல்றது ஈசி, ஆனா மருத்துவ மன்றம் ஏத்துக்கிற வெளிநாட்டு காலேஜ் பட்டியலே 2020ல 160ல இருந்து 103 ஆ சுருங்குச்சு, நடுவுல கொஞ்சம் கூட்டினாலும் அந்தச் செலவைத் தாங்குற குடும்பம் எத்தனை இருக்கு?

எந்த மேஜர் படிச்சவங்களும் அங்க அப்ளை பண்ணலாம்ங்கிறது உண்மைதான். உங்க ஆஃபீஸ்ல அதையே பிடிச்சுக்கிட்டு, அப்போ ஃபிசிக்ஸ் கட்டாயம் இல்லையேன்னு சொல்றாங்க. ஆனா எம்கேட் மாதிரி ஒரு மெடிக்கல் நுழைவுத் தேர்வு எழுதணுமே! எம்கேட்ல முதல் பகுதியில மட்டும் 59 கேள்வி, அதுல கால்வாசி ஃபிசிக்ஸ், கால்வாசி பயோகெமிஸ்ட்ரி, மிச்சத்துல பெரும்பகுதி ஜெனரல் கெமிஸ்ட்ரியும் ஆர்கானிக்கும். இடைவேளையும் சேர்த்து ஏழரை மணி நேரம் உட்காரணும், கால்குலேட்டர் கிடையாது. அமெரிக்காவுக்கு அப்ளை பண்றவங்களுக்கு இன்னும் கஷ்டம், அங்க நிறைய ஸ்கூல்ல லேப்போட ஒரு வருஷ ஃபிசிக்ஸ், ஒரு வருஷ ஆர்கானிக் கெமிஸ்ட்ரின்னு தனியாவே எதிர்பார்க்கிறாங்க, அதுவும் ஒழுங்கான கிரேடோட.

இப்ப எங்க நிலைமையைப் பாருங்க. ஜேசியில (ஜூனியர் காலேஜ்ல) பயாலஜி எடுத்தவங்கள்ல நிறையப் பேரு பயாலஜி, கெமிஸ்ட்ரி, மேத்ஸ், அதோட ஒரு ஆர்ட்ஸ் சப்ஜெக்ட்னு படிச்சிட்டு வந்தவங்க. ஃபிசிக்ஸை செகண்டரி ஸ்கூல் முடிவுல வர்ற ஓ லெவலோட விட்டாச்சு. பாலியில (பாலிடெக்னிக்ல) இருந்து வர்றவங்க கதை இன்னும் மோசம். என் ஜூனியர் ஒரு பொண்ணு, பயோமெடிக்கல் டிப்ளமா முடிச்சிட்டு நல்ல கிரேடோட வந்தவ. செகண்டரியில கம்பைன்ட் சயின்ஸ், கெமிஸ்ட்ரியும் பயாலஜியும், அப்படின்னா செகண்டரி ரெண்டாம் வருஷத்துக்கு அப்புறம் அவ ஃபிசிக்ஸ் புக்கையே தொடல. இங்க வந்ததும் முதல் வருஷ பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் படிக்க வேண்டாம்னு நீங்க எக்ஸெம்ஷன் கொடுத்தீங்க. அவளும் வீட்டுல எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, ஃபீஸ் மிச்சம்னு. இப்ப அவ டிரான்ஸ்கிரிப்ட்ல முதல் வருஷ கெமிஸ்ட்ரிக்கு கிரேடே இல்ல. கிரேடு வேணும், திரும்ப எடுக்கிறேன்னு கேட்டா, எக்ஸெம்ஷன் வாங்கினவங்க அந்த மாட்யூலை எடுக்க முடியாதுங்கிறீங்க. ஃபிசிக்ஸ் எடுக்கிறேன்னு வந்தா ஹெச்2 ஃபிசிக்ஸ் (ஏ லெவல்ல எடுக்கிற ஃபிசிக்ஸ்) இருக்கான்னு கேக்குறீங்க, அது இல்லாதவங்களுக்குன்னு நீங்களே வச்சிருக்கிற அடிப்படை மாட்யூலுக்குப் போனா இடமில்லைங்கிறீங்க. அவ எங்கதான் போவா, சொல்லுங்க.

அவ என் பக்கத்துல உட்கார்ந்து ஒரு நாள் கேட்டா, "அக்கா, என் கண்ணாடி மைனஸ் நாலுன்னா என்ன நாலு?" ஸ்கூல் பஸ்ல ஏறினா பாதிப் பசங்க கண்ணாடி போட்டிருக்கிற ஊரு இது, கண் டாக்டராகணும்னு ஆசைப்படுற பொண்ணு அவ. அது நாலு டயாப்டர், டயாப்டர்ங்கிறது மீட்டர்ல சொல்ற ஃபோகல் லெங்த்தோட தலைகீழ், அப்போ மைனஸ் நாலுன்னா 25 சென்டிமீட்டர், அதனாலதான் 25 சென்டிமீட்டருக்கு அப்பால இருக்கிறது எல்லாம் கண்ணாடி இல்லாம உனக்கு மங்கலாத் தெரியுதுன்னு பேப்பர்ல கோடு போட்டுக் காட்டினேன். புரிஞ்சுக்கிட்டா. ஆனா ஒரு லென்ஸ், ஒரு பல்பு, ஒரு திரை, ஒரு அளவுகோல் இருந்தா லேப்ல அதை அவளே நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடிச்சிருப்பா. அந்த லேப்ல ஒரு ஸ்டூல் தான் நாங்க கேக்குறோம்.

ஃபிசியாலஜி லெக்சர்லயும் இதே கதைதான். ரத்தக்குழாயோட ஆரம் பாதியாச்சுன்னா ஓட்டம் பதினாறுல ஒரு பங்கா குறையும்னு ஸ்லைடுல வருது, நாங்க எல்லாரும் பதினாறுன்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போறோம். ஏன் நாலாம் அடுக்கு, பிசுபிசுப்பு கூடினா என்ன ஆகும், குழாய் நீளமானா என்ன ஆகும்னு யாருக்கும் பிடிபடல. நாளைக்கு மாரடைப்பு வந்தவங்க முன்னாடி நிக்கப்போறவங்க நாங்க. மனப்பாடம் போதும்னு நீங்க நினைக்க மாட்டீங்கன்னு நம்புறேன்.

ஆர்கானிக் லேப் விஷயமும் சொல்லியாகணும். அது வியாழன் மத்தியானம், எங்க கட்டாய ஃபிசியாலஜி பிராக்டிகலும் வியாழன் மத்தியானம். ரெண்டும் உங்க ஃபேகல்டிதான், ரெண்டு டைம்டேபிளையும் போடுறது நீங்கதான். ஆர்கானிக் முடிக்காம பயோகெமிஸ்ட்ரிக்குள்ள போக விடமாட்டீங்க, அதனால ஒரு கிளாஷ் வந்தா மொத்தமா ஒரு வருஷம் தள்ளிப்போகுது. ஆம்பளப் பசங்களுக்கு என்எஸ்ல (கட்டாய தேசிய சேவையில) ரெண்டு வருஷம் ஏற்கனவே போயிருக்கு, அவங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

அட்வைசிங்ல கிடைச்ச அறிவுரை எனக்கு ரொம்ப வலிச்சுது. கஷ்டமான மாட்யூலை ஏன் தேடிப் போறீங்க, சுலபமா ஏதாவது எடுத்து ஜிபிஏவைக் காப்பாத்துங்க, வேணும்னா எஸ்யு (கிரேடுக்குப் பதிலா பாஸா இல்லையான்னு மட்டும் காட்டுறது) போட்டுக்கோங்கன்னாங்க. எஸ்யு போட்டா கிரேடு மறைஞ்சிடும், ஆனா கிரேடு கேக்குற மெடிக்கல் ஸ்கூலுக்கு அந்த மாட்யூலால என்ன பிரயோஜனம்? படிக்கணும்னு வர்ற பிள்ளையைப் பார்த்து படிக்காத மாதிரி ஒரு வழி இருக்குன்னு சொல்றது ஒரு பல்கலைக்கழகம் சொல்ற வார்த்தையா? கையில காசு இருக்கிறவங்க வெளிய எம்கேட் கோச்சிங் போயிடுறாங்க. இல்லாதவங்க யூடியூப் பார்த்துக்கிட்டு இருக்கோம். ஃபீஸ் கட்டிப் படிக்கிற இடத்துல கிடைக்காத ஃபிசிக்ஸை வெளிய இன்னொரு ஃபீஸ் கட்டித் தேடணும்ங்கிறது நியாயமே இல்ல.

2030ல சிங்கப்பூரர்கள்ல நாலு பேருல ஒருத்தர் 65 வயசைத் தாண்டியிருப்பாங்கன்னு அரசாங்கம் சொல்லிக்கிட்டே இருக்கு. நான் வாரக் கடைசியில ஒரு ஆஸ்பத்திரியில தொண்டூழியம் செய்றேன், தமிழ் மட்டும் பேசுற பாட்டிங்க டாக்டர் சொல்றது புரியாம தலையை மட்டும் ஆட்டிட்டு வெளிய வந்து என் கையைப் பிடிச்சு, "என்னம்மா சொன்னாரு?"ன்னு கேக்குறதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். அவங்க பாஷையில பேசுற டாக்டருங்க வரணும்னா எங்கள மாதிரிப் பசங்க எங்கயோ ஒரு இடத்துல ஃபிசிக்ஸ் படிச்சாகணும். கோவம் ஏறிடுச்சு, மன்னிச்சுக்கோங்க, திரும்ப விஷயத்துக்கு வர்றேன்.

ஃபிசிக்ஸ் மேஜர் பசங்க இடத்தைப் பிடுங்கி எங்களுக்குக் கொடுங்கன்னு நாங்க கேக்கல. அவங்களுக்கு அது அடித்தளம், முதல்ல அவங்களுக்குத்தான் கிடைக்கணும். ஆனா லேப் ராத்திரி பூட்டித்தானே கிடக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு செட் கூடுதலா வைங்க, சனிக்கிழமை காலையில வச்சாலும் நாங்க வர்றோம். லேப்ல சொல்லிக்கொடுக்க மாஸ்டர்ஸ், பிஹெச்டி அண்ணன் அக்காமாருங்க இருக்காங்க. ஹெச்2 ஃபிசிக்ஸ் இல்லாதவங்களுக்கான அடிப்படை மாட்யூலை ரெண்டு செமஸ்டர்லயும் நடத்துங்க. எக்ஸெம்ஷன் கொடுக்கிறப்பவே, மெடிசினுக்கு அப்ளை பண்ற எண்ணம் இருந்தா இதை வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க. அடுத்த ரெண்டு வருஷத்துக்கு எது எந்த செமஸ்டர்ல நடக்கும்னு இப்பவே போட்டுட்டா நாங்களே கிளாஷ் இல்லாம திட்டம் போட்டுக்குவோம்.

மாட்யூல் சேர்க்க, நீக்க இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி இருக்கு. அது மூடுறதுக்குள்ள ஃபிசிக்ஸ் லேப்ல மத்த மேஜர் பசங்களுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தரணும்னு பணிவாக் கேட்டுக்கிறோம். ஒதுக்க முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு எங்களை நேர்ல உட்கார வச்சு சொல்லுங்க. யார் யாருக்கு எந்த மாட்யூல் வேணும்னு பட்டியல் எங்ககிட்ட தயாரா இருக்கு, நீங்க சொல்ற நேரத்துக்கு வந்து கொடுக்கிறோம்.

நன்றியுடன்,
லைஃப் சயின்ஸ் மூணாம் வருஷ மாணவி, கூடவே கையெழுத்துப் போட்ட நண்பர்கள் சார்பா