கடலூர் மாவட்ட முகாமிலிருந்து ஒரு நன்றி மடல்

என் தாயார் நலம்பெறத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்தவர்களும், 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வந்தவர்களும், இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் வாழும் முகாம் எங்களுடையது. உறக்கமின்மையும் காரணம் புரியாத நடுக்கமும் எங்களிடையே நெடுங்காலம் நோயாகக் கருதப்பட்டதில்லை.

புதுச்சேரி ஜிப்மரின் மனநல மருத்துவருக்கே முதல் நன்றி. மாத்திரை எழுதும் முன்பு அவர் எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டார். பத்தடிக்குப் பத்தடி அறையில் சேலையைத் தடுப்பாகக் கட்டி மூன்று தலைமுறையினர் உறங்குவதையும், இருட்டில் பொதுக் கழிப்பறைக்குச் செல்ல அஞ்சிய அம்மா பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டதையும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து அமர்ந்து விடியும்வரை விழித்திருப்பதையும் அவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மருந்தோடு இவையும் சரியானால்தான் உறக்கம் திரும்பும் என்றார். இவ்வளவு விரிவாக எங்களிடம் அதுவரை எவரும் கேட்டதில்லை.

அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய கடலூர்த் தன்னார்வலர்களுக்கும், கழிப்பறைப் பாதையில் விளக்குப் போட்டுத் தந்த மின் ஊழியர்களுக்கும், விளக்கு வந்தபின்னும் இரவில் அம்மாவுக்குத் துணையாக எழுந்துவந்த பக்கத்து வீட்டு அக்காமாருக்கும் நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். அம்மா இப்போது உறங்குகிறார். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை வீடுவீடாகச் சொல்லிச் சென்ற கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் நன்றி.

இளைஞர்களின் சோர்வுக்கு விளக்கும் மாத்திரையும் போதா. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. படித்துப் பட்டம் பெற்றும் நாளை என்ன ஆவோம் என்று அறியாத பிள்ளைகளோடு ஞாயிறுதோறும் அமர்ந்து, பொய்யான நம்பிக்கை எதையும் தராமல், சட்டநிலையை உள்ளபடி விளக்கிவரும் வழக்கறிஞர் ஐயாவின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். அவரோடு பேசியபின் சிலர் தாமாகவே மருத்துவரிடம் செல்லத் தொடங்கியுள்ளனர்.

அவர்களுக்குப் புதுச்சேரி சென்றுவரும் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலி இழப்பும் பெருஞ்சுமை. மருத்துவக் குழு மாதம் ஒருமுறையாவது முகாமுக்கே வருமாறு இம்மடலின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கான இடத்தை முகாம்வாசிகளே ஒழுங்குசெய்து தருவோம்.

மிக்க நன்றியுடன்,
முகாம்வாழ் மகள் ஒருத்தி