அச்சை நிறுத்துமுன் எழுத்துருவை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாள் விலையும் தபால் செலவும் ஏறிவிட்டதால், தொழில்சார் சங்கங்கள் தங்கள் மாத மடலை 'இனி இணையத்தில் மட்டும்' என்று தீர்மானம் போட்டு மாற்றுவது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் வழக்கமாகி வருகிறது. தீர்மானத்தில் தவறில்லை. ஆனால் மறுமாதம் நடப்பது என்ன? அச்சகத்துக்குப் போகவேண்டிய அதே பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) ஃபைலை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். இதை இணைய இதழ் என்று சொல்ல முடியாது. ஏன் என்பதைச் சங்கப் பொறுப்பாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

கோளாறு எழுத்துருவில் இருக்கிறது. டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) வேலை இன்றும் பல இடங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் நடக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட் அதற்குத் தெரியாது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், அவ்வளவே. அந்த பிடிஎஃப்பில் 'பதவி உயர்வு' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, கூகுளுக்கும் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக விழும். பார்வையற்ற உறுப்பினரின் கைபேசியும் அந்தக் குப்பையைத்தான் வாய்விட்டுப் படிக்கும். யூனிகோடை ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது 2010இல். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் சங்க மடல் தேட முடியாத எழுத்தில் வருவது வருத்தம் தருகிறது.

மாற்றுவது கடினமில்லை, கவனம்தான் வேண்டும். பேஜ்மேக்கரில் ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனியே டெக்ஸ்டாக எக்ஸ்போர்ட் செய்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் மூல எழுத்துரு எது என்று சரியாகத் தேர்ந்தெடுத்து யூனிகோடாக்கலாம். டெக்ஸ்டாக்கும்போது எழுத்துரு விவரம் போய்விடுவதால், எது ஆங்கிலம், எது பாமினி என்று மாற்றிக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் இருந்த 'ஜிபிஎஃப்' (பொது வருங்கால வைப்பு நிதி) என்ற மூன்றெழுத்து 'புீகு' என்று வந்து நிற்கும். அரசாணைகளில் வரும் ஆங்கிலச் சுருக்கங்கள், மருந்துப் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆகவே ஆங்கிலச் சொற்களை முதலில் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 9901, 9902 என்று எண் போட்டு வையுங்கள். எண்கள் மாறாமல் வரும். பிறகு கையால் சேர்த்துக்கொள்ளலாம்.

மாற்றுமுன் வேர்டில் திறந்து திருத்துபவர்கள் ஆட்டோகரெக்டை அணைத்துவிடுங்கள். முற்றுப்புள்ளிக்கு அடுத்து அடிக்கும் எழுத்தை அது பெரிய எழுத்தாக்கும். பாமினியில் ஒரே விசையின் சின்ன எழுத்து 'க', பெரிய எழுத்து 'கு'. 'கடந்த மாதம்' என்று அடித்தது 'குடந்த மாதம்' ஆகிவிடும். நோட்பேடில் சேமிக்கையில் என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) 'யுடிஎஃப்-8' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆன்சி' என்று இருந்தால் அடுத்தமுறை திறக்கும்போது தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாக இருக்கும். அதை மீட்க வழியே இல்லை.

இப்படி யூனிகோடாக்கிய எழுத்தை ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கமாக இணையதளத்தில் ஏற்றுங்கள். ஏ4 தாளில் இரண்டு பத்தியாகக் கட்டிய பக்கத்தைக் கைபேசியில் படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் விரலால் விரித்து நகர்த்த வேண்டியிருக்கிறது. இரண்டாம் பக்கத்திலேயே விட்டுவிடுவார். கனமும் ஒரு காரணம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 16 பக்க மடலின் மொத்த எழுத்தும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். அதையே ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக அனுப்பினால் 10, 15 எம்பி ஆகிறது. அஞ்செட்டி, சித்தேரி பக்கம் டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் பணிபுரியும் உறுப்பினருக்கு முதலாவது திறக்கும், இரண்டாவது சுற்றிக்கொண்டே இருக்கும். அட்டவணைகளையும் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுட்டியை மட்டும் அனுப்பினால் போதும். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம். அதிலும் நம் எண்ணைத் தங்கள் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கே செய்தி போய்ச்சேரும். 'எனக்கு வரவே இல்லை' என்ற புகார்களுக்கு இது பெரிய காரணம். குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மடல் புதைந்துவிடும். பொறுப்பாளர் மட்டும் பதிவிடும் வாட்ஸ்அப் சேனல்தான் இதற்குப் பொருத்தம். மின்னஞ்சல் என்றால், சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது.

தள முகவரியைச் செயலாளர் தன் சொந்த மின்னஞ்சலில், சொந்தக் கைபேசி எண்ணில் பதிவது பெரிய ஆபத்து. நிர்வாகிகள் மாறிய பிறகு புதுப்பிப்பு நினைவூட்டலும் ஓடிபியும் பழையவருக்கே போகும். அவர் கவனிக்காவிட்டால் முகவரி காலாவதியாகி வேறு யாரோ வாங்கிவிடுவார்கள். சங்கத்தின் பெயரில் மின்னஞ்சல், அலுவலக எண், கடவுச்சொல் இரண்டு பேரிடம், பொறுப்பு மாறும்போது தீர்மானப் புத்தகத்தில் ஒப்படைப்புப் பதிவு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டப் பக்கமும் உண்டு. பொதுக்குழு அறிவிப்பு மடல் வழியாகவோ தபாலிலோ அனுப்பப்படும் என்று துணைவிதியில் இருந்தால், அதைத் திருத்தாமல் இணையத்தில் மட்டும் வெளியிடும் அறிவிப்பை எந்த உறுப்பினரும் செல்லாது என்று கேட்கலாம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி துணைவிதித் திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யவும் வேண்டும். 2024 மார்ச் 1 முதல் புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பதிவு பெற்ற மடல்கள் அச்சை நிறுத்துவதைப் பத்திரிகைப் பதிவாளரிடமும், சலுகைக் கட்டணத்தில் அனுப்பிய அஞ்சலகத்திலும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஐஎஸ்எஸ்என் (இதழ்களுக்கான சர்வதேச எண்) வாங்கியிருந்தால் இணைய வடிவத்துக்குத் தனி எண் பெற வேண்டும்.

உறுப்பினர் பட்டியல், வீட்டு முகவரி, கைபேசி எண் இவற்றை அச்சில் போட்டபோது நானூறு பேர் பார்த்தார்கள். இணையத்தில் போட்டால் ஊரே பார்க்கும். அந்தப் பக்கங்களைத் தயவுசெய்து ஏற்றாதீர்கள்.

கைபேசி பழக்கமில்லாத மூத்த உறுப்பினர்களுக்கு அச்சுப்பிரதி கேட்டால் தருவது நியாயம். செலவைக் குறைக்க வழி இருக்கிறது. ஏ4 அளவில் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் ஒன்று ஏறத்தாழ 4.4 கிராம். 16 உள்பக்கத்துக்கு 8 தாள், 35 கிராம். 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாளில் 4 பக்க மேலட்டை 16 கிராம். மொத்தம் 51 ஆகிறது. தபால் கட்டணத்தின் 50 கிராம் படியைத் தாண்டிவிட்டதால், ஒரு கிராமுக்காக ஒவ்வொரு பிரதிக்கும் அடுத்த படிக் கட்டணம் கட்ட வேண்டும். உள்தாளை 60 ஜிஎஸ்எம் ஆக்கினால் 46இல் நின்றுவிடும். மேலட்டையே இல்லாமல் 12 புள்ளி எழுத்தில் 4 பக்கச் சுருக்கமாகத் தந்தால் 9 கிராம்தான்.

கடைசியாகப் பழைய இதழ்கள். அச்சு இதழின் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்குச் சட்டப்படி போய்க்கொண்டிருந்தது. இணைய இதழை நாமேதான் காக்க வேண்டும். ஒவ்வோர் இதழுக்கும் மலர் எண், இதழ் எண், தேதி தொடரட்டும். ஒரு பிடிஎஃப் பிரதியை ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத் தளத்திலும் ஏற்றி வையுங்கள். பேஜ்மேக்கர் ஓடும் பழைய கணினி சங்க அலுவலகத்தில் ஒன்றுதான் இருக்கும். அதில் உள்ள எல்லா இதழ்களையும் டெக்ஸ்டாக எடுத்து, எந்த எழுத்துருவில் அடித்தது என்பதையும் குறித்து, அந்த எழுத்துரு ஃபைலையும் சேர்த்து நகலெடுக்கும் வரை அதைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சங்க மடல் தொகுப்பாளர் ஒருவர்,
தருமபுரி.