மாடி அறையைப் பூட்ட வேண்டாம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததிலும், அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததிலும் ரொம்ப சந்தோஷம். பத்திரிகையும் வந்து சேர்ந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு எல்லோருமாக வந்துவிடுகிறோம்.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதின விஷயத்துக்கு வருகிறேன். மச்சான் தினம் மூன்று குவார்ட்டர் வரை போகிறார், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும், அதனால் கல்யாணம் முடிகிற வரைக்கும் மாடி அறையில் வைத்துப் பூட்டிவிடலாம் என்கிறாள் உன் தங்கச்சி. தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள்.

ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி. அதில் கலப்பில்லாத ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். அதைப்போல மூன்று மடங்குக்கு வருஷக்கணக்கில் பழகின மூளை, ஒரேயடியாக நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், குமட்டும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தாண்டி மூன்றாம் நாள், நாலாம் நாள் சிலருக்கு நினைவு தடுமாறிவிடும். போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருப்பார். கதவுக்கு வெளியே யாரோ கத்தியோடு நிற்கிறான் என்பார். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பது இதுதான். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். பூட்டின அறைக்குள் இது நடந்தால் வீட்டில் காற்று கருப்பு அடித்துவிட்டதென்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நாள் அங்கே வீணாகும்.

வெட்கம் முடிவெடுக்கிற வீட்டில் பெரும்பாலும் வைத்தியத்துக்கு நேர் எதிரானதுதான் நடக்கிறது. கால் முறிந்து ஒருவரைச் சேர்ப்பார்கள். "பழக்கவழக்கம் ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டால், கட்டிலைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் "அதெல்லாம் ஒன்றும் கிடையாது சார்" என்பார்கள். ஆபரேஷன் நன்றாக முடியும். மூன்றாம் நாள் ராத்திரி ஆள் டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கி ஓடுவார். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதற்கான மருந்தை அன்றைக்கே ஆரம்பித்திருப்பார்கள். இதில் இன்சூரன்ஸ் கவலையும் சேர்ந்துகொள்கிறது. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோயில்தான் சேர்த்திருக்கிறது. உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் பாலிசிகளைப் புரட்டிப் பார்த்தால் குடிப்பழக்கச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும். "கேஸ் ஷீட்டில் அதை எழுதாதீங்க சார்" என்று கெஞ்சுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்று, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற மருந்து. சுவர் விளம்பரத்தைப் பார்த்து யாராவது யோசனை சொல்வார்கள். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை, என்ன செய்யும் என்று தெரிந்து, சம்மதித்து விழுங்குகிறவருக்கு நல்ல துணை. தெரியாதவர் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார். இதய நோயாளிக்கு அதுவே எமன். நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். சம்மதித்துச் சாப்பிடுகிறவர்கூட ஆல்கஹால் கலந்த இருமல் டானிக், தசமூலாரிஷ்டம் மாதிரியான அரிஷ்டங்கள் பக்கம் போகக் கூடாது.

ஊருக்குத் தெரியக் கூடாதென்று எங்கேயோ தொலைவில், பேர் தெரியாத 'ஹோமில்' கொண்டுபோய் விடுவதும் வேண்டாம். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, மனநல டாக்டர் வருகிறாரா என்று கேள். சங்கிலி போடுவதைச் சட்டம் அடியோடு தடுத்திருக்கிறது.

எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சம் 37 பேர் வீட்டிலும் ஒரு மாடி அறை இருக்கும்போல.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. தாராளமாகப் போதும். இந்த வாரமே உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போ. அதுவரை 'இன்றைக்கே நிறுத்து' என்று மிரட்ட வேண்டாம். அங்கே குடியை நிறுத்தும்போது வருகிற நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க, குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையில் ஆரம்பித்து, அந்த மாத்திரையை ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோரசெபாம் கொடுப்பார்கள். இதை மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. போகிற வழியில் ஏதாவது கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றவும் விடாதே. தயமின், அதாவது பி1 ஊசி, முதலில் போக வேண்டும். சரியாகச் சாப்பிடாமல் குடித்த உடம்பில் பி1 வற்றியிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கும், ஞாபகம் திரும்பாமலே போய்விடலாம்.

டாக்டரிடம் உண்மை அளவைச் சொல்லுங்கள். 'எப்போதாவது ஒரு கட்டிங்' என்று குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் குறைந்துவிடும். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்னால் வலிப்பு வந்ததா, தூக்க மாத்திரைப் பழக்கம் உண்டா, இவை முக்கியம். அங்கே சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டியது அவர்கள் சட்டக் கடமை. முதலில் போனில் விசாரிக்க வேண்டுமானால் அரசாங்கத்தின் போதை மீட்பு உதவி எண் 14446, அல்லது மனநல உதவி எண் 14416. காசு கிடையாது.

மண்டபத்தில் அவர் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்றும் யோசித்து வை. "ஒரு நாள்தானே மாப்ளே" என்று மொட்டை மாடிக்குக் கூப்பிட எவனாவது இருப்பான். "மாத்திரை சாப்பிடுகிறேன், ஆகாது" என்ற பதிலோடு அவர் நிறுத்திக்கொள்ளட்டும். வீட்டில் வாயை முகர்ந்து பார்க்கிற சோதனையெல்லாம் வேண்டாம். திரும்பக் குடித்துவிட்டால் ரகளை செய்யாமல், ஊர் கூட்டாமல் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சர்க்கரை நோயாளி ஒரு நாள் லட்டு சாப்பிட்டுவிட்டால் நாம் என்ன செய்கிறோம், அதேதான்.

தங்கச்சியை ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்குப் போன் பண்ணச் சொல். மச்சான் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அவரிடமும் பேசுகிறேன்.

அன்புடன்,
பாண்டியன்
மதுரை