மழைக்கு முன் ஐந்து வாளித் தண்ணீர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி பிறந்ததிலிருந்து கடைக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "மழைநீர் சேகரிப்பு போடணும், எவ்வளவு ஆகும்?" பதிலுக்கு நாங்கள் கேட்பது, ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருக்கிறதா என்று. சென்னையில் 2003-க்கு முன்பே இருந்த வீடு என்றால் அநேகமாக இருக்கும். எங்கே இருக்கிறது என்பதுதான் வீட்டுக்காரருக்கே மறந்திருக்கும். புதிதாகத் தோண்டக் காசு கொடுப்பதற்கு முன், பழையது வேலை செய்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். அதற்காகத்தான் இந்த மடல்.

ஒருவர் மொட்டைமாடியில் நில்லுங்கள், இன்னொருவர் கீழே. வடிகுழாயின் வாய்க்குப் பக்கத்தில் ஐந்து வாளித் தண்ணீரை இடைவெளி விடாமல் ஊற்றுங்கள். கீழே இருப்பவர் அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மழைநீர்க் குழிக்குள் விழுந்தால் மூடியைத் தூக்கியதும் சத்தம் கேட்கும். தெருவுக்குப் போனால் கண்ணிலேயே தெரியும். இரண்டும் இல்லையென்றால் கழிவுநீர் சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். கசடு மேல் தெளிந்த தண்ணீர் ஓடினால், யாரோ வடிகுழாயைச் சாக்கடையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அடைமழையில் மேன்ஹோல் பொங்குவதற்கும், தரைத்தள வீடுகளின் கழிவறையில் தண்ணீர் எதிர்த்து வருவதற்கும் இந்த இணைப்புகள் பெரிய காரணம். கழிவுநீர்க் குழாய் வீட்டுக் கழிவைச் சுமக்கும் அளவுக்குப் போட்டது. தெரு முழுக்க உள்ள மாடிகளின் மழையைச் சுமக்காது.

தண்ணீர் தெருவுக்குப் போகிறதென்றால் முதலில் எல்போவை (குழாயை வளைத்துத் திருப்பும் இணைப்பு) பாருங்கள். பெயின்டர் சாரம் கட்டும்போது குழாயைக் கழற்றியிருப்பார்; திருப்பி மாட்டும்போது எல்போ குழிப் பக்கம் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்திருக்கும். ஒரு நாலு இஞ்சு எல்போவும் அரை மணி நேர வேலையும் போதும். இதற்கு எங்களைக் கூப்பிட வேண்டியதில்லை, தெரு முனை பிளம்பரே செய்வார்.

குழியே காணோம் என்றால், குழாய் தரைக்குள் போகும் இடத்திலிருந்து சுவரை விட்டு விலகி ஒரு கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். டைல்ஸோ பேவர் பிளாக்கோ போட்ட கொத்தனார் மூடியின் மேலேயே பூசிவிட்டுப் போயிருப்பார். வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும்.

இனி சட்டம். 2003 ஜூலையில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் எல்லாக் கட்டடங்களுக்கும், பழையது புதியது என்ற வேறுபாடு இல்லாமல், மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சென்னைக்கு அது 1919-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தில் 255-ஏ என்ற பிரிவாகச் சேர்ந்தது. அதில் மூன்று செய்திகள் உங்களுக்கு முக்கியம். பொறுப்பு வீட்டு உரிமையாளரோடு நிற்கவில்லை, "உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்" என்றே இருந்தது. அமைக்காவிட்டால் ஆணையர் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் தாமே அமைத்து, செலவைச் சொத்துவரி பாக்கி போல வசூலிக்கலாம் என்றிருந்தது. அமைக்கும்வரை குடிநீர் இணைப்பும் துண்டிக்கப்படும் என்றிருந்தது. 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்தது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான். ஆகவே "அது அந்த ஆட்சியோட போச்சு" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

2003 அக்டோபருக்குள் ஊர் முழுக்க முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் தோண்டிய குழிகள்தான் இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பவை. பரவலாகப் போட்டது ஒரு அடி அகலம், பத்தடி ஆழம், உள்ளே செங்கல் ஜல்லி, மேலே அரை அடி மணல், அதன் மேல் ஓட்டை போட்ட சிமென்ட் பலகை. விதியில் சொல்லப்பட்ட மாதிரிகளில் இதுவும் ஒன்று, குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் குழியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 220 லிட்டர். ஜல்லி இடத்தை அடைத்துக்கொண்ட பிறகு தண்ணீருக்கு மிஞ்சுவது 85 லிட்டர் அளவு. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தாலே 93 லிட்டர். அதாவது அந்த மாடிக்கு இந்த ஒரே குழிதான் என்றால், நம்மூர் மழையின் முதல் சில நிமிடங்களிலேயே நிரம்பிவிடும். மணல் பூமியில் நிரம்பிய வேகத்திலேயே இறங்கும், பரவாயில்லை. களிமண்ணில் நின்றுவிடும், மீதி மழை வாசல் வழியே வெளியே போகும்.

ஆகவே உங்கள் மண் என்ன என்பது முக்கியம். கடலோரமாகத் திருவான்மியூர், பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் மணல். தி. நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களி. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம், பெருங்குடி பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. இது பொதுக் கணக்குதான். ஒரே தெருவில் இரண்டு மண் இருப்பதும் உண்டு. நிச்சயமாகத் தெரிய, குழியில் ஓஸைப் போட்டு நிரப்பிவிட்டு மணியைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டால் குழி நன்றாக இருக்கிறது, கை வைக்க வேண்டாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் தெரிந்தால் ஒன்று குழி அடைத்திருக்கிறது, இல்லை மண் களி.

அடைத்த குழியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். மேலே உள்ள மணல் கறுத்து, வெயிலில் காய்ந்த சேறு போல ஓடு கட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் கீழே செங்கல் ஜல்லி, இருபது வருடத்தில் பாதி கரைந்து சிவப்புச் சேறாகியிருக்கும். மேல் மணலை மட்டும் மாற்றினால் இந்த ஒரு பருவம் ஓடும். மாடியிலிருந்து வரும் தண்ணீருக்கு, குழியில் எதையும் நிரப்பாமல் விடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. வெற்றுக் குழி இரண்டரை மடங்கு தண்ணீர் பிடிக்கும், தூர் வாரவும் முடியும். வடிகட்டும் வேலையைக் குழிக்கு முன்னால் ஒரு சிறு தொட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

களிமண் பகுதிக்கு நாங்கள் பரிந்துரைப்பது உறை இறக்கிய கிணறு. மூன்றடி அகல சிமென்ட் உறை, பதினைந்து அடி ஆழம். இது மட்டும் சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். உறைகளில் பக்கவாட்டு ஓட்டை இருக்க வேண்டும், இணைப்புகளில் சிமென்ட் பூசக் கூடாது, அடியில் தளம் போடக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் உங்களிடம் இருப்பது கிணறு அல்ல, ஒழுகாத தொட்டி. கொத்தனார்கள் பழக்கதோஷத்தில் இணைப்பைப் பூசிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பதினைந்து அடியிலும் களிதான் என்றால், கிணற்றின் அடியிலிருந்து கீழே உள்ள மணல் அடுக்கு வரை துளையிட்டு, ஓட்டை போட்ட குழாய் இறக்க வேண்டும். அஸ்திவாரத்திலிருந்து நாலைந்து அடியும், செப்டிக் டேங்க் இருந்தால் அதிலிருந்து பத்தடியும் தள்ளித் தோண்டுவோம். அரை கிரவுண்டு மனையில் இது எளிதல்ல. பல வீடுகளில் கார் நிற்கும் இடத்துக்கு அடியில்தான் வரும். அப்போது மூடி காரின் எடையைத் தாங்கும் கனத்தில் வேண்டும்.

வீட்டில் பழைய திறந்த கிணறு இருந்தால் இதெல்லாம் வேண்டாம். மாடித் தண்ணீரை வடிகட்டி நேரே கிணற்றில் விடுங்கள். வற்றிப்போன கிணறானாலும் சரி. அதில் குப்பையைப் போட்டு மூடிவிட்டு, பக்கத்தில் காசு கொடுத்துக் குழி தோண்டுபவர்களைப் பார்த்தால் எங்களுக்கே மனம் கேட்பதில்லை.

வடிகட்டும் தொட்டி இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம் போதும். நடுவில் ஓட்டை போட்ட பலகை. தண்ணீர் நுழையும் அறையில் கூழாங்கல், அடுத்ததில் ஜல்லி. அடித்தளம் வெளியேறும் பக்கம் சரிய வேண்டும், இல்லாவிட்டால் மழைக்கு மழை நடுவே தண்ணீர் தேங்கிக் கொசு வரும். மணல் போடுவதானால் எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) அப்படியே கொட்டாதீர்கள். அதன் தூள் முதல் மழையிலேயே இறங்கி, வடிகட்டியையும் குழியையும் சேர்த்து அடைக்கும். நீர் தெளியும்வரை அலசிவிட்டுப் போட வேண்டும். தொட்டிக்கு முன்னால் ஒரு டீயும் (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) வால்வும் அவசியம்: பருவத்தின் முதல் மழையில் பத்துப் பதினைந்து நிமிடம் மாடியின் தூசி, காக்கை எச்சம், சருகு எல்லாம் வெளியே போகட்டும். பிறகு வால்வை மூடுங்கள். மூட மறந்துவிட்டு, மழை முழுக்கத் தெருவுக்கு அனுப்புகிற வீடுகள் ஏராளம். குழாய்ப் பக்கத்தில் சிவப்பு பெயின்டில் ஓர் அம்புக்குறி போட்டு வைத்தால் மறக்காது.

வடிகுழாயில் சிக்கனம் பார்க்காதீர்கள். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால், ஒரு நாலு இஞ்சுக் குழாய் சுமார் 43 சதுர மீட்டர் மாடியைத்தான் தாங்கும். ஆயிரம் சதுர அடிக்குக் குறைந்தது மூன்று வேண்டும். மூன்று இஞ்சுக் குழாய் அதில் பாதிகூடத் தாங்காது. குழாய் வாயில் தட்டையான ஜாலி வேண்டாம், இரண்டு வேப்பிலைக் கொத்து போதும் அதை அடைக்க. குமிழ் போல எழும்பிய ஜாலி போடுங்கள்.

வாசலில் விழும் மழை தனி விஷயம். கேட்டுக்கு உட்புறம், ஏழரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சிறு தடுப்பு கட்டினால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். கட்டட விதியிலும் இந்த அளவு உண்டு. அல்லது முக்கால் அடி அகலத்தில் கம்பி வலை மூடிய கால்வாய். இரண்டும் உங்கள் மனைக்குள்தான் இருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே மழைநீர் வடிகாலின் மேல் சரிவு கட்டித் தரச் சொன்னால் நாங்கள் கட்டித் தருவதில்லை. மாநகராட்சி வடிகால் தூர் வார வரும்போது முதலில் உடைப்பது அதைத்தான், உங்கள் பணம் வீண்.

இன்னும் இரண்டு வேலைகளை யார் கேட்டாலும் செய்வதில்லை. வாசல் தண்ணீரை நேரடியாக போருக்குள் (ஆழ்குழாய்க் கிணறு) விடுவது ஒன்று. கார் எண்ணெய், நாய் கழிவு, சேறு எல்லாம் அதில் இருக்கும். சேறு பாறையின் இடுக்கில் ஒரு முறை புகுந்தால் எடுக்க வழியில்லை, போர் செத்துவிடும். வாஷிங் மெஷின் தண்ணீரை மழைநீர்க் குழியில் சேர்ப்பது மற்றொன்று. சோப்புக் கசடு மண்ணை அடைக்கும், உங்கள் கிணற்றிலேயே நுரை வரும். போர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை: சென்னைப் பெருநகர்ப் பகுதியில் புதிய போர் போட 1987-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். ராத்திரியில் வந்து போட்டுவிட்டுப் போகிறோம் என்பவரை நம்பாதீர்கள். வழக்கு என்று வந்தால் வண்டி போய்விடும், வீடு இங்கேயே நிற்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடி எல்லாருக்கும் பொது, அதனால் குழியை யாருமே பார்ப்பதில்லை. சங்கத்தின் செப்டம்பர் கூட்டத்தில் வடிகுழாய், குழி இரண்டின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி, யார் சுத்தம் பார்ப்பது என்று பெயர் போட்டுவிடுங்கள். மூடி ஒவ்வொன்றும் பொருந்தி உட்கார்ந்திருக்க வேண்டும். கொசுப்புழு பார்க்க வரும் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடுக்கில்தான், அபராதம் சங்கத்துக்கு வரும். பல வருடம் மூடிக் கிடந்த உறைக் கிணற்றில் வாட்ச்மேனை இறக்கிவிடாதீர்கள். உள்ளே காற்று கெட்டிருக்கும். மேலிருந்தே மண்வாரியாலும் சேற்று பம்பாலும் வார முடியும்.

இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்பவர்களுக்கு: சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆயிரம் சதுர அடி மாடியில் வீணானது போக ஒரு லட்சம் லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரி எட்டு லோடுக்கு மேல்.

புதிதாகத் தோண்டும் வேலையை அக்டோபர் 10 வரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு மணல் பூமியில் ஈரமாகிப் பக்கம் சரியும், களிமண்ணில் தோண்டும் கருவியே சுவரை மெழுகி ஓட்டைகளை அடைத்துவிடும். சுத்தம் பார்ப்பது, குழாய் மாற்றுவது பருவம் முழுக்க உண்டு. வருவதற்கு முன் கடை வாட்ஸ்அப்புக்கு இவற்றை அனுப்புங்கள்: மாடியின் நீள அகலம், வடிகுழாய்கள் எத்தனை, எத்தனை இஞ்சு, குழி மூடியைத் திறந்து எடுத்த ஒரு படம், ஓஸ் போட்டு நிரப்பியபோது இறங்க எவ்வளவு நேரம் ஆனது. இந்த நாலும் இருந்தால் பாதிப் பேருக்கு நாங்கள் வர வேண்டிய அவசியமே இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் பிளம்பிங் கடையார்